ஹைபிரிட் கார் வாங்குமுன் அதன் பைலை வாசிப்போம்



எமது நலன்புரிப் பிரிவுக்கு வரும் கோரிக்கைகளில் அதிகமானவை மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகை பற்றியவை. சில காலத்துக்கு முன் வந்த ஒரு விண்ணப்பம் வேறு விதமானது. வெளிநாட்டில் பல வருடம் உழைத்துத் திரும்பிய ஒரு சகோதரர், ஹயர் ஓடிக் குடும்பத்தைப் பார்க்கலாம் என்று சிறிய ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கியிருந்தார். சேமிப்போடு மனைவியின் நகையும் அதில் போயிருந்தது. மூன்றாம் மாதம் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கராஜில் காட்டியபோது பெரிய பற்றரி முடிந்துவிட்டது என்றார்கள். வாகனம் வீட்டு வாசலில் நின்றது, வருமானமும் நின்றது. அழகிய கடன் கேட்டு எம்மிடம் வந்திருந்தார்.

"வாங்கும்போது சேவிஸ் பில்கள் எதையும் பார்க்கவில்லையா?" என்று கேட்டோம். "ஊர் மனிசர்தானே, பைலைக் காட்டுங்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது" என்றார். பிறகு விற்றவரிடமும் பேசினோம். அவர் சொன்னது: "பற்றரியில் ஒரு தடவை செல் மாற்றினதுதான். அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்."

ஒருவர் கேட்க வெட்கப்பட்டார். மற்றவர் கேட்காததால் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பு அகப்பட்டுக்கொண்டது. இம்முறை எமது குடும்பப் பாடம் இதைப் பற்றியதுதான். பாவித்த ஹைபிரிட் கார் ஒன்றின் பராமரிப்பு வரலாற்றை எப்படிப் பார்ப்பது, என்ன கேட்பது, எதைச் சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஹைபிரிட்டுக்கு வரலாறு ஏன் இவ்வளவு முக்கியம்?

2020 மார்ச்சில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் ஏற்கெனவே இங்கிருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. இன்று நடுத்தரக் குடும்பங்கள் விலை கேட்கும் அக்வா, பிரியஸ், ஃபிட், வெசல் போன்ற கார்களில் பல 10 வருடங்களைத் தாண்டியவை.

சாதாரண பெற்றோல் காரில் எஞ்சினும் கியர்பெட்டியும் நன்றாக இருந்தால் ஓரளவு நிம்மதி. ஹைபிரிட்டில் அவற்றோடு உயர் வோல்ற் பற்றரி, இன்வேர்ட்டர், மின்மோட்டார், கணினியால் இயங்கும் பிரேக் ஆகியவையும் உண்டு. இவை பழுதாகும்போது பெரும்பாலும் முன்கூட்டிச் சத்தம் வராது, புகையும் வராது. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே பற்றரி கடைசி மூச்சில் இருக்கும். அதனால் ஹைபிரிட்டை வெளித்தோற்றத்தை வைத்து மதிப்பிட முடியாது. எப்போது, எத்தனை கிலோமீற்றரில், யார், என்ன வேலை செய்தார்கள் என்ற பதிவே அதன் உண்மையான நிலையைச் சொல்லும்.

2. பைலில் இருக்க வேண்டியவை

முதலாவது, பதிவுச் சான்றிதழ். உற்பத்தி ஆண்டையும் பதிவு ஆண்டையும் தனித்தனியே பாருங்கள். விளம்பரத்தில் பதிவு ஆண்டைப் பெரிதாகச் சொல்லி உற்பத்தி ஆண்டைச் சொல்லாமல் விடுவோர் உண்டு. பற்றரிக்கு வயது கூடுவது உற்பத்தியான நாளிலிருந்தே. பூரண உரிமையாளராக லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்பதையும், முன்னைய உரிமையாளர்கள் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். சான்றிதழிலுள்ள செசி இலக்கம் வாகனத்தில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். சான்றிதழில் உள்ளவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர் என்றால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமையை உறுதிப்படுத்தாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, ஜப்பானிய ஏல அறிக்கை. ரிகண்டிஷனாக வந்த காரென்றால் இதைக் கேளுங்கள். அதில் அன்றைய மீற்றர் அளவும் வாகனத்தின் தரமும் இருக்கும். நல்ல வாகனத்துக்கு 4, 4.5 போன்ற எண் இருக்கும். எண்ணுக்குப் பதிலாக ஆர் அல்லது ஆர்ஏ என்றிருந்தால், விபத்தில் பட்டுத் திருத்தப்பட்டது என்று பொருள். கார் படத்தில் ஏ என்பது கீறல், யூ என்பது நசிவு, டபிள்யூ என்பது திருத்திய அடையாளம், எக்ஸ்எக்ஸ் என்பது மாற்றப்பட்ட பாகம். அறிக்கையின் செசி இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். வேறொரு காரின் அறிக்கையைக் காட்டுவதும் நடக்கிறது.

ஜப்பானில் புதிய காருக்கு முதலாவது அரச பரிசோதனை மூன்று வருடத்தில்தான் வருகிறது, அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. ஓரிரு வருடத்திலேயே இங்கு கொண்டுவரப்பட்ட காருக்கு அந்தப் பரிசோதனைப் பதிவு இருக்காது. எனவே அதன் ஜப்பானிய வாழ்க்கையை அறிய ஏல அறிக்கையே முக்கிய சான்று.

மூன்றாவது, இங்கு செய்த சேவிஸ் பில்கள். ஒவ்வொரு பில்லிலும் திகதி, மீற்றர் அளவு, வாகன இலக்கம் மூன்றும் இருக்க வேண்டும். மூன்றும் இல்லாத பில் வெறும் காகிதம். எஞ்சின் ஒயில் மாற்றியது எல்லோரிடமும் இருக்கும். ஹைபிரிட்டுக்கு அதற்கு மேலும் சிலவற்றைத் தேட வேண்டும்: பற்றரிக் காற்றாடியும் அதன் வடிகட்டியும் சுத்தம் செய்தது, இன்வேர்ட்டர் கூலன்ட் மாற்றியது, கியர்பெட்டி ஒயில் மாற்றியது, பிரேக் ஒயில் மாற்றியது, 12 வோல்ற் சிறிய பற்றரி மாற்றியது.

நான்காவது, விபத்துக் காப்புறுதிக் கோரிக்கைகளின் பிரதிகள். இவை இருந்தால் எங்கே அடிபட்டது, எது மாற்றப்பட்டது என்பது தெரியும்.

3. பில்களைக் கணக்காக வாசிப்பது

பில்களைத் திகதி வரிசையில் அடுக்கி, ஒரு தாளில் திகதியையும் கிலோமீற்றரையும் மட்டும் எழுதுங்கள். பத்து நிமிட வேலை. உதாரணமாக ஒரு காரின் பில்கள் இப்படி இருக்கின்றன என்று வைப்போம்:

2016 செப்டம்பர்: 48,000
2017 செப்டம்பர்: 66,000
2018 செப்டம்பர்: 85,000
2019 செப்டம்பர்: 1,03,000
அதன்பின் பில் எதுவும் இல்லை. 2025 செப்டம்பரில் மீற்றர் காட்டுவது 1,18,000.

முதல் மூன்று வருடங்களில் வருடத்துக்கு சுமார் 18,000 கிலோமீற்றர் ஓடிய கார், அடுத்த ஆறு வருடங்களில் மொத்தமே 15,000 ஓடியிருக்கிறது. மீற்றர் குறைக்கப்பட்டது என்று உடனே முடிவெடுத்துவிட வேண்டாம். 2020இல் ஊரடங்கு இருந்தது. 2022இல் எரிபொருள் இல்லாமல் வரிசையில் நின்றோம், பிறகு கியூஆர் முறையில் அளந்து பெற்றோம். கார் உண்மையாகவே நின்றிருக்கலாம். ஆனால் காரணத்தைக் கேட்க வேண்டும், சொல்லப்படும் காரணத்துக்கு வேறு அடையாளமும் தேட வேண்டும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். குறைவாக ஓடியது என்கிறார்கள், ஆனால் நான்கு டயரும் அண்மையில் மாற்றியவை என்றால், ஏன் என்று கேளுங்கள். பிரேக் மிதியின் ரப்பர், ஸ்டியரிங்கின் தோல், சாரதி ஆசனத்தின் ஓரம் ஆகியவற்றின் தேய்மானம் 1,18,000க்குப் பொருந்துகிறதா பாருங்கள்.

கார் நீண்ட காலம் நின்றது உண்மையென்றால் அதுவும் யோசிக்க வேண்டிய விடயமே. ஓடாமல் மாதக்கணக்கில் நிற்கும் ஹைபிரிட்டில் பெரிய பற்றரி மெதுவாக மின்னை இழக்கிறது, செல்களுக்கிடையில் ஏற்றத்தாழ்வு உண்டாகிறது. "குறைவாக ஓடிய கார்" என்பது ஹைபிரிட்டுக்கு எப்போதும் நற்செய்தி அல்ல.

4. "பற்றரி மாற்றியாச்சு" என்ற சொல்

இந்தச் சொல்லுக்கு சந்தையில் மூன்று அர்த்தங்கள் உண்டு. முழுப் பற்றரியும் புதிதாகப் போடப்பட்டது என்பது ஒன்று. வேறொரு காரிலிருந்து கழற்றிய பாவித்த பற்றரி போடப்பட்டது என்பது இரண்டாவது. பழுதான சில பகுதிகள் மட்டும் மாற்றப்பட்டன, அதாவது "செல் மாற்றியது" என்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றல்ல.

மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பற்றரியில் 28 பகுதிகள் தொடராக இணைக்கப்பட்டு 201.6 வோல்ற் தருகின்றன. முதல் தலைமுறை அக்வாவில் 20 பகுதிகள், 144 வோல்ற். தொடராக இணைந்திருப்பதால் மிகப் பலவீனமான பகுதியே முழுப் பற்றரியின் திறனைத் தீர்மானிக்கிறது. டோர்ச் லைற்றில் ஒரு பழைய பற்றரியும் ஒரு புதிய பற்றரியும் சேர்த்துப் போட்டால் என்ன நடக்கும் என்று எம் பிள்ளைகளுக்கும் தெரியும். இரண்டு செல்லை மாற்றினால் விளக்கு அணையும், கார் ஓடும். ஆனால் மிகுதிப் பகுதிகளும் அதே வயதுடையவை. அடுத்தது எப்போது விழும் என்று எவராலும் உறுதி கூற முடியாது.

எனவே பற்றரி பில்லைக் கேளுங்கள். முழுப் பற்றரியா, செல்லா? புதியதா, பாவித்ததா? உத்தரவாதம் எத்தனை மாதம்? உரிமையாளர் மாறினாலும் அது செல்லுபடியாகுமா? முழுப் பற்றரி முறையாக மாற்றப்பட்டு பில்லோடு இருக்கும் கார், "12 வருடமாக ஒரிஜினல் பற்றரி, ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொல்லப்படும் காரை விடப் பல நேரங்களில் நல்ல பேரமாகும். பற்றரி மாற்றியதை ஒரு குறையாகப் பார்க்கத் தேவையில்லை. மறைத்தால்தான் குறை.

பற்றரிக் காற்றாடியின் பில்லையும் சிறிதாக எண்ண வேண்டாம். பின் ஆசனத்தின் ஓரத்தில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பற்றரி அதன் வழியாகவே குளிர்கிறது. அதில் தூசு அடைத்தாலோ, பையை வைத்து மூடினாலோ, எமது வெப்பத்தில் பற்றரி சூடாகி ஆயுள் குறையும். அந்தத் துவாரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பராமரித்தவரின் பழக்கம் அங்கேயே தெரிந்துவிடும்.

5. சில வகைகளில் தனியாகக் கேட்க வேண்டியவை

மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் 2009 முதல் வந்தது. அதன் இன்வேர்ட்டர் மென்பொருளுக்காக 2014 பெப்ரவரியில் உலகளவில் சுமார் 19 இலட்சம் கார்களை டொயோட்டா திரும்ப அழைத்தது. அந்த வேலை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். இந்த வகையில் எஞ்சினின் ஈஜிஆர் பகுதியில் கரி அடைப்பதும், அதைக் கவனிக்காமல் விட்டால் ஹெட் கஸ்கெற் பழுதாவதும் மெக்கானிக்குகள் நன்கு அறிந்த விடயம். ஈஜிஆர் சுத்தம் செய்த பில் இருந்தால் உரிமையாளர் அக்கறையானவர் என்று கொள்ளலாம்.

2013இல் வந்த ஃபிட் ஹைபிரிட்டிலும் அதே வருட இறுதியில் வந்த வெசலிலும் லித்தியம் அயன் பற்றரியும் இரட்டைக் கிளச் கொண்ட 7 கியர்பெட்டியும் உண்டு. இந்த முறைமையின் மென்பொருளுக்காக ஆரம்ப கால ஃபிட் கார்கள் ஓராண்டுக்குள் ஜப்பானில் பல தடவை திரும்ப அழைக்கப்பட்டன. அந்தத் திருத்தங்கள் செய்யப்பட்டனவா, கியர்பெட்டி ஒயில் எப்போது மாற்றப்பட்டது என்று விசாரியுங்கள். ஏற்றத்தில் மெதுவாக ஊரும்போது உதறல் இருக்கிறதா என்றும் ஓட்டிப் பாருங்கள்.

6. வாகனத்திடமும் கேளுங்கள்

பைல் சொல்வதை வாகனம் உறுதிப்படுத்த வேண்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் போங்கள், முன்கூட்டி ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். சுவிட்சைப் போட்டதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். ஒரு விளக்கு எரியவே இல்லை என்றால், அது மறைக்கப்பட்டிருக்கலாம். குளிர்ந்த எஞ்சின் முதலில் இயங்கும்போது கடுமையாக உதறினால் ஹெட் கஸ்கெற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

குறைந்தது அரை மணி நேரம், ஏசியைப் போட்டு, ஏற்றமும் உள்ள பாதையில் ஓட்டுங்கள். பற்றரி அளவு காட்டும் கோடுகள் சடுதியாக இறங்கிச் சடுதியாக ஏறினால் பற்றரி பலவீனம். பின்னால் காற்றாடி ஓயாமல் சத்தமாகச் சுற்றுவதும் ஓர் அடையாளம். பிரேக்கைத் தொடாமலே சில வினாடிக்கு ஒரு தடவை பம்ப் சத்தம் கேட்டால் பிரேக் பகுதியைக் கவனிக்க வேண்டும்.

பிறகு ஹைபிரிட் தெரிந்த கராஜ் ஒன்றில் ஸ்கேன் செய்யுங்கள். விற்பவர் சொல்லும் கராஜில் அல்ல, நீங்கள் தெரிந்தெடுத்ததில். பிழைக் குறியீடுகளை மட்டும் பார்த்தால் போதாது. சிறிய பற்றரியைக் கழற்றினாலோ, ஸ்கேனரில் அழித்தாலோ அவை மறைந்துவிடும். ஆனால் அழித்தபின் காரின் சுயபரிசோதனைகள் "பூர்த்தியாகவில்லை" என்று காட்டும். அதையும், ஓடும்போது பற்றரித் தொகுதிகளின் வோல்ற் ஒன்றோடொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதையும் அச்சிட்டு வாங்குங்கள்.

வெள்ளத்தில் நின்ற காரா என்பதையும் பாருங்கள். 2016, 2017 மே மாத வெள்ளங்களில் நனைந்த வாகனங்களும் சந்தைக்கு வந்தன. கம்பளத்தின் அடியில் சேறு, ஆசனத் தண்டவாளத்தில் துரு, மூடியபின் எழும் ஈர வாடை இருந்தால் விலகிக்கொள்ளுங்கள். பற்றரி தாழ்வாகப் பின்புறத்தில் இருப்பதால் ஹைபிரிட்டுக்கு வெள்ளம் இரட்டை ஆபத்து. செம்மஞ்சள் நிற வயர்களை நீங்களும் தொடாதீர்கள், பயிற்சி இல்லாத எவரையும் தொட விடாதீர்கள்.

7. மார்க்கம் காட்டும் ஒழுங்கு

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்த சம்பவத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று நபியவர்கள் கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் எனக் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. அந்த வியாபாரியிடம் யாரும் முன்கூட்டி "உள்ளே ஈரமா?" என்று கேட்டிருக்கவில்லை. கேட்காவிட்டாலும் காட்ட வேண்டும் என்பதே பாடம். "கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்" என்பது ஒரு முஸ்லிம் விற்பனையாளரின் பதிலாக இருக்க முடியாது. செல் மாற்றியதைச் சொல்லாமல் விடுவதும் குறியீட்டை அழித்துவிட்டு விற்பதும் ஈரத்தின் மேல் காய்ந்த தானியத்தைப் பரப்புவதற்குச் சமம்.

வாங்குபவருக்கும் ஒரு வார்த்தை. பைலைக் கேட்பது தப்பெண்ணம் அல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் வழிகாட்டுகிறது. எழுதச் சொன்னது எம்மை ஒருவரையொருவர் சந்தேகிக்க வைப்பதற்காக அல்ல, பின்னால் சந்தேகம் வராமல் இருப்பதற்காக.

ஷாபிஈ மத்ஹபில் மூன்று நாட்கள் வரை திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக வைத்துக்கொள்ள இடமுண்டு. விலை பேசும்போதே இதைச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். விற்கும் முன்பே இருந்த மறைவான குறை பின்னர் தெரியவந்தால் அதற்கும் தனியாகத் திருப்பும் உரிமை உண்டு. ஆனால் குறை தெரிந்தவுடன் அறிவிக்க வேண்டும். தெரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த உரிமையை இழக்க நேரிடலாம். இப்படி ஒன்று நடந்தால் தாமதிக்காமல் ஊர் உலமாக்களிடம் விளக்கம் பெறுங்கள்.

8. முடிவெடுக்கும் ஒரு விதி

பைல் இல்லாத கார் எல்லாம் கெட்ட கார் அல்ல. ஆனால் பைல் இல்லாவிட்டால், பற்றரி மாற்ற வேண்டிய கார் என்றே கணக்கிட்டு விலை பேசுங்கள். அதற்கு முன் கராஜில் அந்த வகைக்கான பற்றரி விலையை விசாரியுங்கள். கார் வாங்கிய பிறகு அந்தத் தொகையை ஒதுக்கிவைக்க உங்களால் முடியாதென்றால், அந்த ஹைபிரிட்டை வாங்காதீர்கள். பற்றரி விழுந்த நாளில் வட்டிக் கடனைத் தேடி ஓடுவதை விட, இன்று ஒரு சிறிய பெற்றோல் காரோடு அமைதியாக இருப்பது மேல்.

ஆரம்பத்தில் சொன்ன சகோதரரின் விடயம் பள்ளிவாசலில் பெரியவர்கள் முன்னிலையில் பேசப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், விற்றவர் மனம் வருந்தி பற்றரிச் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டார். மீதிக்கு அழகிய கடன் வழங்கினோம், இப்போது மாதாமாதம் திருப்பிச் செலுத்துகிறார். அவருடைய காரில் இன்று ஒரு பைல் இருக்கிறது. ஒவ்வொரு பில்லும் திகதி வரிசையில் இருக்கிறது. "நான் விற்கும் நாளில் வாங்குபவர் கேட்க முன்பே கையில் கொடுப்பேன்" என்கிறார்.

குடும்பமாகப் பேசிக்கொள்ள:

எமது வீட்டு வாகனத்தின் பில்கள் எங்கே இருக்கின்றன? இன்றே ஒரு பைலில் போட முடியுமா?
நாம் விற்ற பொருள் எதிலாவது சொல்லாமல் விட்ட குறை உண்டா? அதை இப்போது எப்படிச் சரிசெய்யலாம்?
தெரிந்தவரிடம் வாங்கும்போது கேள்வி கேட்க எம்மைத் தடுப்பது எது?

வாங்குவதிலும் விற்பதிலும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தும் இருவரின் வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்று நபியவர்கள் கற்றுத்தந்தார்கள். அந்த பரக்கத்தை அல்லாஹ் எமது குடும்பங்களுக்கும் தருவானாக. ஆமீன்.